மேயர் தேர்தல்: கதவைத் தட்டுவதா, போன் போடுவதா, தேதியையே மாற்றுவதா?

மேயர் தேர்தல் வந்தால் எதிராளியின் ஓட்டைப் பிரிப்பதிலேயே எல்லா வேட்பாளர்களும் குறியாக இருக்கிறார்கள். எனக்குப் பெரிய கவலை, பூத் பக்கமே தலைகாட்டாதவர்கள்தான். லண்டனில் 2024 மேயர் தேர்தலில் வாக்குப்பதிவு சுமார் 40 சதவீதம். பேருந்துக் கட்டணம் முதல் போலீஸ் வரை கையில் வைத்திருக்கும் பதவிக்கே இந்த நிலை. சரி, இவர்களை வரவழைக்க எது உதவும்?

கதவைத் தட்டுவதுதான் என் முதல் தேர்வு. 1998-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஆலன் ஜெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு நேரடிச் சந்திப்பு, சிலருக்குக் கடிதம், சிலருக்குப் போன் என்று சோதித்தார்கள். நேரில் பேசியவர்களிடம் வாக்குப்பதிவு 8, 9 சதவீதப் புள்ளி வரை ஏறியது, கடிதத்துக்கு அரைப் புள்ளி அளவுதான், போனுக்கு ஒன்றுமே இல்லை. பிறகு வந்த ஆய்வுகளில் நேரடிச் சந்திப்பின் பலன் இதைவிடக் குறைவாகவே தெரிந்தது, ஆனாலும் அதன் இடம் பறிபோகவில்லை.

போனை முழுசாக ஒதுக்கவும் வேண்டாம். எழுதிக் கொடுத்ததைக் கடகடவென ஒப்பிக்கும் கால் சென்டர் அழைப்பைவிட, நிதானமாகப் பேசும் தொண்டரின் அழைப்பு நன்றாகவே வேலை செய்கிறது. பதிவு செய்த குரலை அனுப்புவது வெட்டிச் செலவு.

கடிதத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. 2006-இல் மிச்சிகனில், ‘நீங்களும் உங்கள் அக்கம்பக்கத்தாரும் போன தேர்தலில் ஓட்டுப் போட்டீர்களா’ என்ற விவரத்தையே அச்சிட்டு அனுப்பினார்கள், எந்தக் கடிதமும் போகாதவர்களிடம் வாக்குப்பதிவு 29.7 சதவீதம், இது போனவர்களிடம் 37.8 சதவீதம். பலன் பெரிதுதான், ஆனால் எனக்கு இது பிடிக்கவே இல்லை. நாளைக்கு மேயராக வந்து நிற்கப் போகிறவர், மக்களை வேவு பார்த்து வெட்கப்பட வைத்தா ஓட்டு வாங்குவது?

இது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது தேதி மாற்றம். லாஸ் ஏஞ்சலஸில் 2017 மேயர் தேர்தல் தனியாக நடந்தபோது சுமார் 20 சதவீதம்தான் பதிவானது. 2022-இல் மாநிலத் தேர்தலோடு சேர்த்து நடத்தியதும் 40 சதவீதத்தைத் தாண்டியது. அந்த முறை போட்டியும் கடுமை என்பதால் முழுப் பெருமையும் தேதிக்குப் போகாது. பெரிய தேர்தலின் இரைச்சலில் ஊர்ப் பிரச்சினை அமுங்கிப்போகும் என்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் ஐந்தில் ஒருவர் மட்டும் வந்து மேயரைத் தீர்மானிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் தேதி வேட்பாளர் கையில் இல்லையே. அதனால் இருக்கிற தொண்டர்களை எல்லா வீட்டுக்கும் அனுப்பி வீணாக்காதீர்கள். பெரிய தேர்தலுக்கு வந்துவிட்டு மேயர் தேர்தலை மட்டும் விட்டுவிடுகிறவர்களின் பட்டியலை எடுங்கள். அப்புறம், ‘மறக்காமல் ஓட்டுப் போடுங்கள்’ என்று சொல்லி நகராமல், ‘எத்தனை மணிக்குப் போவீர்கள், வீட்டிலிருந்தா வேலையிலிருந்தா?’ என்று கேட்டு, அவர்கள் பதில் சொல்லும்வரை வாசலிலேயே நில்லுங்கள்.