டி-சைலோஸ் டெஸ்டுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

புதுச்சேரியில் ஒரு லேபில் என் அம்மாவுக்கு நடந்தது இது. லேபின் பெயரைப் போடவில்லை. இதே டெஸ்ட் எடுக்கப் போகும் யாரும் எங்களைப் போல ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு நாலு மாதமாக வயிற்றுப்போக்கு. மலத்தில் எண்ணெய் மிதக்கும். ஒன்பது கிலோ இறங்கிவிட்டது. சிறுகுடல் சத்தை உறிஞ்சுகிறதா என்று பார்க்க டாக்டர் இந்த டெஸ்டை எழுதினார். டி-சைலோஸ் ஒரு வகைச் சர்க்கரை. சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் கணைய நீர் இல்லாவிட்டாலும் சிறுகுடல் அதை உறிஞ்சிவிடும். பெரியவர்களுக்கு 25 கிராமைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 5 மணி நேரச் சிறுநீர் முழுவதையும் சேர்த்து, அதில் எவ்வளவு சைலோஸ் வந்திருக்கிறது என்று அளப்பார்கள். 4 கிராமுக்கு மேல் வந்தால் பொதுவாகக் குடல் சுவர் நன்றாக இருக்கிறது என்று கணக்கு.

திருப்பாதிரிப்புலியூரில் முதல் பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு போனோம். அம்மா குடித்து முடித்த டம்ளரின் அடியில் வெள்ளையாகக் கட்டி கட்டியாகப் படிந்திருந்தது. “கரையவே இல்லையே மேடம்” என்றேன். “பரவாயில்லை சார்” என்று லேப் பெண் டம்ளரை வாங்கி, வாஷ்பேசினில் கொட்டிக் கழுவிவிட்டார். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிக் கொடுத்திருக்கலாம். அளந்து கொடுக்க வேண்டிய மருந்து சாக்கடைக்குப் போனது.

அப்புறம் முதல் தடவை அம்மா பாத்ரூம் போனபோது பாட்டிலே தரவில்லை. மூன்றரை மணி நேரத்தில் “போதும்மா, கிளம்புங்க” என்று அனுப்பிவிட்டார்கள். இதய நோய்க்காகத் தினமும் போடும் ஆஸ்பிரினைப் பற்றியும் கேட்கவில்லை, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. இரண்டுமே அளவைக் குறைத்துக் காட்டக்கூடியவை. ரிப்போர்ட்டில் மட்டும் ‘5 மணி நேரச் சிறுநீர்: 1.9 கிராம்’ என்று கூசாமல் அச்சடித்திருந்தார்கள்.

அந்த 1.9-ஐ நம்பி எண்டோஸ்கோபி செய்து, குடலில் சதை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. தொண்டை ரணமாகி அம்மா இரண்டு நாள் கஞ்சிதான் குடித்தார். 67 வயதில் அவருக்கு அது தேவையே இல்லை.

வேறு இடத்தில் திரும்ப எடுத்தோம். மருந்து குடிப்பதற்கு முன்பே சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார்கள். அதன் பிறகு வந்தது ஒரு சொட்டு விடாமல் கேனில் போனது. 5.4 கிராம் வந்தது. குடலில் குறையில்லை, கணையத்தில்தான் கோளாறு என்று அப்புறம் தெரிந்தது. இப்போது சாப்பாட்டோடு செரிமானத்துக்கான நொதி (என்சைம்) மாத்திரை போடுகிறார், எடை ஏறுகிறது.

பழைய லேபில் போய்க் கேட்டேன். “எல்லாம் முறைப்படிதான் சார் செய்தோம்” என்றார்கள். நீங்கள் போனால் குடித்த நேரத்தையும் கடைசியாகச் சிறுநீர் பிடித்த நேரத்தையும் நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டம்ளரை அவர்கள் கழுவுவதற்குள் உள்ளே பார்த்துவிடுங்கள்.