வியன்னா நிலவறை உணவகம்: மெஷின் பில் கேட்டபிறகுதான் உண்மை தெரிந்தது

வியன்னா போகிறவர்கள், அதிலும் வயதானவர்களையும் சைவம் சாப்பிடுபவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். ஸ்டெஃபான் பேராலயத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் ஒரு பழைய நிலவறை உணவகத்தில் எங்களுக்குக் கன்று இறைச்சி என்று சொல்லிப் பன்றி இறைச்சியைப் போட்டிருக்கிறார்கள். காசும் கன்றுக்கான காசுதான் வாங்கினார்கள். புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரும்வரை கடையின் பெயரை எழுதப்போவதில்லை.

இடம் அழகுதான், அதைச் சொல்லியாக வேண்டும். வியன்னாவின் பழைய நகரத்தில் வீடுகளுக்கு அடியில் இரண்டு மூன்று அடுக்கு ஆழத்துக்கு நிலவறைகள் உண்டு. ஒரு காலத்தில் ஒயின் பீப்பாய் வைத்திருந்த இடங்கள், இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து ஜனங்கள் பதுங்கிய இடங்கள், பக்கத்து நிலவறைக்குத் தப்பிப்போகச் சுவரை உடைத்து வழி செய்தார்கள். செங்கல் வளைவுக் கூரை, நீள மர மேசை, மெழுகுவர்த்தி எல்லாம் பார்த்து என் மாமியார் கூட அவ்வளவு படி இறங்கிய வலியை மறந்துவிட்டார். ஆனால் கீழே போன் சிக்னல் கிடையாது. மெனுவை மொழிபெயர்க்க முடியாது, எதையும் தேடிப் பார்க்க முடியாது, சர்வர் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை. அதனால் மெனுவை மேலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவில் உணவகங்கள் விலைப்பட்டியலை வாசலில் வெளியே தெரியும்படி வைத்தாக வேண்டும் என்பது சட்டம். நான் எடுத்த அந்த ஒரு போட்டோதான் இப்போது என் கையில் இருக்கும் ஆதாரம்.

என் மனைவி பன்றி இறைச்சி சாப்பிடமாட்டார். மெனுவில் ‘வீனர் ஷ்னிட்ஸெல்’, அதாவது ரொட்டித்தூள் பூசிப் பொரித்த இறைச்சித் துண்டு, என்று மட்டும் போட்டு 29 யூரோ. ஆஸ்திரிய உணவு விதிநூல்படி அப்படித் தனியாகப் போட்டால் அது கன்று இறைச்சியாகத்தான் இருக்க வேண்டும், பன்றி என்றால் அதைச் சேர்த்து எழுதியாக வேண்டும். அப்படியும் என் மனைவி கேட்டார், ‘கால்ப் தானே?’ என்று, ஜெர்மன் மொழியில் கால்ப் என்றால் கன்று. ‘ஆமாம், கால்ப்’ என்று சர்வர் தலையாட்டினார். ரொட்டித்தூள் பூசிப் பொரித்து எலுமிச்சைத் துண்டோடு வந்துவிட்டால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், அதுவும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கன்றாகவே இருந்தாலும் பன்றிக்கொழுப்பில் பொரிக்கிற வழக்கம் அங்கே உண்டு, வேண்டாதவர்கள் எதில் பொரிக்கிறார்கள் என்றும் தனியாகக் கேட்க வேண்டும்.

மாமியார் சுத்த சைவம். அவருக்குப் பொரித்த சீஸும் உருளைக்கிழங்கு சாலட்டும். ‘இறைச்சி இல்லை’ என்று அதே சர்வர் உறுதியாகச் சொன்னார். எனக்கு ஏதோ உறுத்தியது, தட்டைத் தொடவிடாமல், பக்கத்து மேசைக்குப் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு இளம்பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். சாலட்டில் மாட்டிறைச்சி வேகவைத்த சாறு ஊற்றியிருக்கிறது என்று அந்தப் பெண் நேர்மையாகச் சொன்னார், அவருக்கு நன்றி. வியன்னா முறை உருளைக்கிழங்கு சாலட்டுக்கு அந்தச் சாறுதான் வழக்கம். ஃப்ரிட்டாட்டன் சூப்பும் அப்படித்தான், தோசையைச் சன்னமாக நறுக்கிப் போட்ட தெளிந்த ரசம் போல இருக்கும், அது மாட்டிறைச்சிச் சாறு. மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் ஏ, சி, ஜி என்று எழுத்துகள் இருக்குமே, அவை ஒவ்வாமைக்கான குறிகள், கோதுமை, முட்டை, பால் இப்படி 14 வகை. இறைச்சிக்கு அதில் குறி கிடையாது, அதை வைத்துச் சைவம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். மாமியார் அன்று வெறும் ரொட்டி சாப்பிட்டு எழுந்தார். எழுபது வயதில் அத்தனை படி இறங்கி ஏறிய ஒருவருக்கு இதுதான் கிடைத்தது என்பதை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

நான் சாப்பிட்ட டாஃபல்ஷ்பிட்ஸ், அதாவது வேகவைத்த மாட்டிறைச்சி, ஆப்பிள் கலந்த குதிரைமுள்ளங்கித் துருவலோடு வந்தது, அருமையாக இருந்தது. அந்தச் சமையலறைக்குச் சமைக்கத் தெரியும். அதனால்தான் கோபம் இன்னும் அதிகம்.

அப்புறம் பில். ஒரு சின்னத் தாளில் கையால் 138.40 என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தார்கள், என்ன எதற்கு என்று ஒன்றும் இல்லை. ஆஸ்திரியாவில் 2016 முதல் வியாபாரிகள் முறையான ரசீது கொடுத்தாக வேண்டும், கியூஆர் குறியோடு மெஷினில் அச்சாகி வரும். அதைக் கேட்டேன். சர்வர் முகம் மாறியது, ‘மெஷின் மேலே இருக்கிறது’ என்றார். பரவாயில்லை, காத்திருக்கிறோம் என்றேன். ரொம்ப நேரம் கழித்து வந்த ரசீதில் ஷ்னிட்ஸெல் வரியில் ‘ஷ்வைன்’ என்று அச்சாகியிருந்தது, பன்றி! விலை மட்டும் 29. ஆளுக்கு 3.90 வீதம் மேசைக் கட்டணம் வேறு, அது வாசல் மெனுவில் எங்கேயும் இல்லை.

என் மனைவிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கேட்டதற்கு, ‘கன்று தீர்ந்துவிட்டது, ருசி ஒன்றுதான்’ என்றார் சர்வர். தீர்ந்துவிட்டால் சொல்ல வேண்டாமா? மேலாளரைக் கூப்பிடச் சொன்னோம், வரவே இல்லை. கார்டு மெஷினை நீட்டியபோது அதில் 152.24 என்று இருந்தது, பத்து சதவீத டிப்ஸை அவராகவே சேர்த்திருக்கிறார். அங்கே ஐந்திலிருந்து பத்து சதவீதம் கொடுப்பது பழக்கம்தான், ஆனால் எவ்வளவு என்று நாம்தான் சொல்ல வேண்டும். ரத்து செய்யச் சொன்னேன். மறுபடி போட்டபோது யூரோவா ரூபாயா என்று மெஷின் கேட்க, என்னைக் கேட்காமல் ரூபாயை அழுத்தப் போனார், தடுத்து யூரோவை அழுத்தினேன். ரூபாயில் போட்டால் மாற்று விகிதத்தில் கூடுதலாக வெட்டிக்கொள்வார்கள். மாமியாருக்கு உட்கார முடியவில்லை, அதனால் 138.40ஐக் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

ரசீது, வாசல் மெனு இரண்டின் படத்தையும் வியன்னா நகராட்சியின் மார்க்ட்டாம்ட் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன், உணவுக் கலப்படமும் விலைப்பட்டியலும் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன். இதே மாதிரி கையெழுத்துத் தாள் பில் உங்களுக்கும் அங்கே எங்காவது கொடுத்திருந்தால் தூக்கிப்போடாதீர்கள், படம் எடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள்.