ரிகர்விலிருந்து நீள்வில்லுக்கு: திருகோணமலை உப்புவெளியில் இரண்டு மாரி

நான்கு ஆண்டுகள் 62 அங்குல ரிகர்வ் வில்லோடு (முனைகள் முன்னோக்கி வளைந்த வில்) பழகிய பிறகு 68 அங்குல நீள்வில்லுக்கு மாறினேன். அதன் பின் இரண்டு மாரி கடந்துவிட்டது. இரண்டு வில்லையும் 28 அங்குலம் இழுத்துப் பிடிக்க வேண்டிய பாரம் 40 இறாத்தல்தான். இழுபாரம் ஒன்றுதானே, ஒரு வாரத்தில் கை பழகிவிடும் என்று நினைத்தேன். நான்கு மாதம் எடுத்தது.

முதல் நாளே இடது முன்கையின் உட்புறம் கன்றிப்போனது. ரிகர்வில் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே எட்டு அங்குலம் வைத்திருந்தேன், இதில் ஆறரைதான். நாண் கைக்கு அவ்வளவு அருகில் வந்து நிற்கிறது. தோல் கைக்காப்பு இல்லாமல் இந்த வில்லைத் தொடாதீர்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது அம்பு. நான் வலக்கையால் நாண் இழுப்பவன். 20 மீற்றரில் எய்த அம்பெல்லாம் இலக்கின் இடப்பக்கமே போய்த் தைத்தது. கையைத் திருத்தித் திருத்தி மூன்று வாரம் போனது. ரிகர்வின் நடுப்பகுதி மையக்கோடு வரை வெட்டப்பட்டிருப்பதால் அம்பு ஏறக்குறைய நாணுக்கு நேராகவே கிடக்கும். நீள்வில்லில் அந்த வெட்டு குறைவு. அம்பு சற்றே வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கும். விடுபட்டதும் அது வளைந்து நெளிந்து, பிடியைச் சுற்றிக்கொண்டு வெளியேற வேண்டும். விறைத்த அம்பு வளையாமல் இடப்பக்கம் ஒதுங்கிவிடும். 500 எண் கார்பன் அம்புகளை வைத்துவிட்டு 600 எண்ணுக்கு மாறினேன் (எண் கூடக்கூட அம்பு துவளும்), முனையையும் சற்றுக் கனமாக்கினேன். அன்று மாலையே அம்புகள் நடுவுக்கு வந்துவிட்டன. வில்லுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை அம்புக்கென்று தனியே எடுத்து வையுங்கள்.

அம்பு கனத்ததில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. நீள்வில் எடை குறைந்தது என்பதால், நாணை விட்டதும் எழும் அதிர்ச்சி நேரே மணிக்கட்டில் இறங்கும். கனமான அம்பு வில்லின் ஆற்றலில் கூடுதல் பங்கைத் தன்னோடு கொண்டுபோய்விடுகிறது. பெருவிரல் இடுக்கில் அழுத்திப் பிடிக்கும் ரிகர்வ் வழக்கத்தை விட்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தாங்கப் பழகியதும் மிச்ச வலியும் தணிந்தது.

வேகம் குறைவு. 30 மீற்றரில் கூடுதலாக உயர்த்திக் குறிவைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த இழுப்பின் மென்மை! கடைசி இரண்டு அங்குலத்திலும் வில் முரண்டு பிடிப்பதில்லை, விரல்களை நாண் நெரிப்பதில்லை. இதற்காகவே நான் திரும்பிப் போகவில்லை.

திருகோணமலைக் காலநிலையையும் சொல்ல வேண்டும். தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையில் மட்டுமே எய்கிறேன். வெயில் ஏறிவிட்டால் இறகு வைத்த அம்பு காற்றோடு போய்விடும். மாரியில் இறகு நனைந்தால் படிந்துவிடும், உலர்த்தாமல் எய்வதில் பயனில்லை. பயிற்சி முடிந்ததும் நாணை இறக்கி, வில்லைத் துடைத்து, வீட்டுக்குள் படுக்கையாக வைக்கிறேன். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தச் சூட்டில் அடுக்குகளை ஒட்டிய பசை இளகிவிடும்.

பழைய ரிகர்வ் இப்போது அக்காவின் மகனிடம். சென்ற கிழமை என் வில்லை வாங்கி ஒரு அம்பு எய்துவிட்டு, "மாமா, இது சத்தமே போடவில்லையே" என்றான். அவனுடைய அம்பும் இடப்பக்கம்தான் தைத்திருந்தது.