17 வருட சில்லி கிராப்: குழம்பு கைவிட்டதில்லை, நண்டுதான்

போன வாரம் திருச்சியிலிருந்து அத்தை மகன் போன் செய்தான். அடுத்த மாதம் குடும்பத்தோடு சிங்கப்பூர் வருகிறான். சுற்றிப் பார்க்க எல்லாவற்றுக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டதாம். "மச்சான், சில்லி கிராப் மட்டும் நீதான் சொல்லணும். எந்தக் கடைக்குப் போகலாம்?" என்றான். தக்காளி, மிளகாய்க் குழம்பில் நண்டைப் புரட்டித் தருகிற சிங்கப்பூர்ச் சாப்பாடு அது. இதே கேள்வியைப் போன வருடம் கேட்டிருந்தால் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொல்லியிருப்பேன். இந்தத் தடவை நாக்கு எழவில்லை. இரண்டு நாள் முன்புதான் மனைவியின் பிறந்தநாளுக்கு ஒரு பெரிய கடலோரக் கடையில் 224 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 93 காசு கட்டிவிட்டு, நண்டுக்குள் சதையைத் தேடித் தேடிக் களைத்து வீடு திரும்பியிருந்தோம்.

கோபத்தில் எழுதக்கூடாது என்று ஒரு வாரம் விட்டுப் பார்த்தேன். பாதிதான் ஆறியிருக்கிறது. சரி, இருக்கிற நிதானத்தோடு எழுதுகிறேன்.

2008ல் வேலைக்கு வந்தேன். முதல் மாதச் சம்பளத்தில் உடன் வேலை பார்த்தவர்கள் இழுத்துக்கொண்டு போய் வாங்கித் தரச் சொன்னது சில்லி கிராப்தான். அன்றிலிருந்து வருடத்துக்கு ஐந்தாறு தடவை. பிறந்தநாள், போனஸ், ஊரிலிருந்து ஆள் வந்தால், ஆள் கிளம்பினால். கடலோரப் பெரிய கடைகள், நியூட்டன் உணவங்காடி நிலையம், ஓல்டு ஏர்போர்ட் ரோடு, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கீழே இருக்கிற காப்பிக்கடைகளில் கேட்டதைச் சுடச்சுடச் சமைத்துத் தருகிற 'சீ சார்' சீன அடுப்புகள் என்று எல்லா இடத்திலும் உட்கார்ந்து உடைத்திருக்கிறேன்.

இத்தனை வருடத்தில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. குழம்பு என்னை ஏறக்குறைய எங்கேயும் ஏமாற்றியதில்லை. நண்டுதான் ஏமாற்றுகிறது.

பெயரில் மிளகாய் இருக்கிறதே தவிர, நம் ஊர் நண்டு மசாலா சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு இது காரமே இல்லை. முதலில் தக்காளி இனிப்பு. அப்புறம் ஒரு புளிப்பு. அதற்கும் பின்னால், தொண்டையில் இறங்கும்போதுதான் மிளகாய் வந்து சேரும். நடுவில் பிளாச்சான் (புளித்த இறால் விழுது) வாசம் ஒன்று லேசாக ஓடும். கடைசியில் ஊற்றிய முட்டை நூல் நூலாக விரிந்து, குழம்புக்கு ஒரு பட்டுத்தன்மை கொடுத்திருக்கும். அம்மா முதல் தடவை சாப்பிட்டபோது "இது என்னடா, சட்னியில நண்டைப் போட்டிருக்கான்?" என்று கேட்டார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பன்னைப் பிய்த்துத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் குழம்பு பிறந்த கதையையும் சொல்லவேண்டும், என் புகாருக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. 1956ல் செர் யாம் டியான் என்ற பெண்மணி, ஆவியில் வெந்த நண்டையே தின்று அலுத்துப்போன தன் கணவருக்காகத் தக்காளி சாஸில் நண்டைப் புரட்டிக் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் காரம் வேண்டும் என்று அவர் கேட்க, மிளகாய் சாஸும் சேர்ந்தது. கல்லாங் ஆற்றோரம் தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கி, பிறகு பாம் பீச் என்ற உணவகமாக வளர்ந்தது. 1963ல் டிராகன் ஃபீனிக்ஸ் உணவகத்தைத் தொடங்கிய ஹூய் கோக் வாய் சம்பல் (அரைத்த மிளகாய் விழுது), எலுமிச்சை, முட்டை சேர்த்து வேறொரு வகை செய்தார். இன்று பெரும்பாலான கடைகளில் தட்டில் வருகிற கெட்டியான, முட்டை விரிந்த குழம்பு இவர் வழியில் வந்தது.

அந்தக் கணவருக்கு ஆவியில் வெந்த நண்டு அலுத்தது நமக்கு அதிர்ஷ்டம்தான். ஆனால் ஆவியில் வெந்த நண்டு பொய் சொல்லாது. உள்ளே சதை இருக்கிறதா இல்லையா என்று முதல் காலை உடைத்ததுமே தெரிந்துவிடும். சில்லி கிராப்பில் அப்படி இல்லை. கையெல்லாம் குழம்பு, வாயெல்லாம் குழம்பு. பாதி நண்டு முடிந்த பிறகுதான், "நாம் இதுவரை என்ன சாப்பிட்டோம்?" என்ற சந்தேகமே வரும். மோசமான நண்டை ஒளித்துவைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

அம்மா ஊர் முத்துப்பேட்டை. அலையாத்திக் காட்டு நண்டு பார்த்து வளர்ந்தவர். இங்கே மேசைக்கு வருவதும் அந்த இனம்தான், சதுப்புநிலச் சேற்றில் வாழ்கிற நண்டு. இலங்கையிலிருந்து வருவது பெரிதாக இருக்கும் என்பதால் அதற்கு மவுசு அதிகம். இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், வியட்நாம், நம் இந்தியாவிலிருந்தும் வருகிறது. எங்கிருந்து வந்தாலும் ஒரு விஷயம் பொது. நண்டு வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றவேண்டும். கழற்றியதும் புது ஓடு இளசாக இருக்கும்போதே தண்ணீரை உறிஞ்சி உடம்பைப் பெரிதாக்கிக்கொள்ளும். ஓடு அந்தப் பெரிய அளவுக்கே இறுகிவிடும். சதை மட்டும் பின்னால்தான், வாரக்கணக்கில், மெதுவாக வந்து நிரப்பும். இடைப்பட்ட நாட்களில் பிடிபடுவதுதான் தண்ணி நண்டு. பார்க்க ஒன்றரைக் கிலோ பயில்வான். உடைத்தால் கொடுக்குக்குள் கண்ணாடி மாதிரி ஒரு கொழகொழப்பும், சுருங்கிப்போன ஒரு நார்க் கொத்தும் இருக்கும்.

கண்டுபிடிக்க முடியாதா? முடியும். நண்டைத் திருப்பி, வயிற்றுப்புறம் கால்கள் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தவேண்டும். அமுங்கினால் வேண்டாம். கல் மாதிரி இருந்தால் வாங்கலாம். ஓடு பளபளவென்று புதுசாக இருப்பதைவிட, தேய்ந்து, அழுக்கேறி, கொடுக்கின் பற்கள் மழுங்கி இருப்பதே நல்லது. கழற்றி நாளாகிவிட்டது என்று அர்த்தம். பௌர்ணமி நண்டு வற்றல், அமாவாசை நண்டு கொழுப்பு என்று அம்மா சொல்வார். நான் இன்றும் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் மேசை பதிவு செய்கிறேன்.

பிறந்தநாள் அன்றும் பார்த்தேன். நாள் சரியாகத்தான் இருந்தது. கடையில் நடந்தது வேறு. பரிமாறும் அக்கா கூடையில் ஒரு நண்டைக் கொண்டுவந்து காட்டினார். 1.4 கிலோ, 100 கிராம் 9 வெள்ளி 80 காசு. நாங்கள் நான்கு பேர், அதில் இரண்டு சிறுவர்கள். ஒரு கிலோவுக்குள் கேட்டேன். "இன்றைக்குச் சின்னது இல்லை" என்றார். இந்த 17 வருடத்தில் பெரிய கடைகளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். சின்ன நண்டு இருந்த நாள் எது என்று எனக்கு நினைவில்லை. சரி, திருப்பிக் காட்டுங்கள், ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன் என்றேன். "ஃப்ரெஷ், ஃப்ரெஷ், கவலைப்படாதீங்க" என்று கூடை உள்ளே போய்விட்டது. எல்லாம் சேர்த்துப் பத்து வினாடி இருக்கும்.

என் கோபம் விலையில் இல்லை. விலையைச் சொன்னார்கள், எடையைச் சொன்னார்கள். 2023ல் ஒரு ஜப்பானியப் பயணி ஓர் உணவகத்தில் 938 வெள்ளி நண்டுக்காகப் போலீசைக் கூப்பிட்ட செய்தி வந்தது. அது மூன்றரைக் கிலோ அலாஸ்கா நண்டு. 100 கிராமுக்கு 26 வெள்ளி 80 காசு என்பதை முழு நண்டின் கணக்காகப் பெருக்கிப் பார்க்காமல் விட்டதால் வந்த அதிர்ச்சி. எனக்கு அந்தக் குழப்பம் இல்லை. 137 வெள்ளி 20 காசு ஆகும் என்று தெரிந்தே தலையாட்டினேன். நான் கேட்டது, அந்தப் பணத்துக்குச் சதை இருக்கிறதா என்று ஒரு விரலால் அழுத்திப் பார்க்கும் உரிமை. மீன் சந்தையில் மூன்று வெள்ளிக் கெண்டையைச் செவுள் திறந்து பார்த்து வாங்குகிறோம். 137 வெள்ளி நண்டைத் தொடக்கூடாது என்றால் எப்படி?

வந்தது தண்ணி நண்டு. ஒரு கொடுக்கில் பாதி, இன்னொன்றில் அதுவும் இல்லை. கால்கள் எல்லாம் வெறும் குழாய். என் சின்ன மகள் "அப்பா, இது யாரோ சாப்பிட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். மேலாளர் வந்து பார்த்தார், வருத்தம் தெரிவித்தார். பாதி உடைத்துவிட்டதால் மாற்ற முடியாது என்றார். உடைக்காமல் எப்படித் தெரியும் என்று நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஒரு தட்டுப் பழம் வந்தது. மீதி எல்லாம் ரசீதில் அப்படியே இருந்தன. ஆறு பன், கங்குங் கீரை, வறுத்த சோறு, நாம் கேட்காமலே வந்த நிலக்கடலை 4 வெள்ளி, ஈரத்துணி தலைக்கு 60 காசு. அதன்மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணம். அந்தக் கட்டணத்தையும் சேர்த்து 9 சதவீதப் பொருள் சேவை வரி. மச்சான் கவனிக்கவேண்டும்: பட்டியலில் 100 என்று இருந்தால் கையிலிருந்து போவது கிட்டத்தட்ட 120.

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்லாவிட்டால் எனக்கு நியாயமாகப் படாது. அந்தக் கடைக் குழம்புதான் சிங்கப்பூரில் நான் சாப்பிட்டதிலேயே சிறந்தது. அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. இனிப்பு அளவோடு நின்றது. சோளமாவு பூசி அப்பின மாதிரி இல்லாமல், கரண்டியிலிருந்து ஒழுகுகிற பதம். முட்டை கட்டி தட்டவில்லை. அரைத்த மிளகாயும் சின்ன வெங்காயமும் எண்ணெயில் நன்றாக வதங்கியிருந்த வாசம், சாஸ் போத்தலை மட்டும் நம்பாத வாசம். எண்ணெயில் பொரித்த மன்தோ பன், வெளியே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு மாதிரி. பிய்த்து, தோய்த்து, குழம்பு இறங்க ஒரு நொடி விட்டு வாயில் போட்டால், அந்த நிமிடம் கோபம் இருந்த இடம் தெரியாது. ஆறு பன்னும் போதாமல் இன்னும் நான்கு வாங்கலாமா என்று மனைவி கேட்டாள். நானும் வேண்டும் என்றுதான் நினைத்தேன். பிடிவாதத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் பிறந்தநாள். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இனி மறுபக்கம். பிடோக் பக்கம் ஒரு காப்பிக்கடையில் சீ சார் அடுப்பு வைத்திருக்கிற அங்கிள் ஒருவர் இருக்கிறார். நாலைந்து வருடம் முன்பு அங்கே ஒரு கிலோ நண்டைக் கைகாட்டிக் கேட்டேன். எடுத்தார், திருப்பினார், அழுத்தினார், தலையை ஆட்டிவிட்டு மறுபடி பெட்டியில் போட்டார். "இது வேண்டாம், உள்ளே தண்ணீர்" என்றார். அதற்குப் பதிலாக 600 கிராமில் இரண்டு எடுத்து, இரண்டையும் என் கையில் கொடுத்து, நீயே அழுத்திப் பார் என்றார். விற்றுவிட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்காது, குழம்பு மறைத்திருக்கும். அந்தப் பெட்டியில் திரும்பிப் போன நண்டை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அங்கே ஒரு தடவைகூடக் காலி நண்டு சாப்பிட்டதில்லை. கொடுக்கை உடைத்தால் சதை முழுசாக, உருவம் மாறாமல் கழன்று வரும். கடலின் இனிப்பு நாக்கில் தனியாகத் தெரியும்.

ஆனால் அவருடைய குழம்பு சுமார். தக்காளி தூக்கல், கொஞ்சம் கெட்டி, முட்டை சில நாள் துணுக்காகிவிடும். பன் சில நேரம் எண்ணெய் குடித்திருக்கும். மின்விசிறிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்து மேசையில் பீர்ச் சத்தம். கடல் காற்று கிடையாது. மனைவியின் பிறந்தநாளுக்கு அங்கே போக எனக்கே தோன்றவில்லை என்பதும் உண்மை.

மதிப்பெண் போடச் சொன்னால் குழம்பு, பன், இடம், சுத்தம் எல்லாவற்றையும் கூட்டிக் கடலோரக் கடைக்குத்தான் அதிகம் விழும். பத்துக்கு எட்டு கொடுப்பேன். இனி அங்கே போகமாட்டேன். கையை நீட்டியபோது கூடையை இழுத்துக்கொண்டு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே மச்சான், உனக்கு என் பதில். வரலாறு வேண்டுமென்றால், சில்லி கிராப்பை முதலில் செய்த செர் யாம் டியானின் மகன் தொடங்கிய ரோலண்ட் உணவகம் மரின் பரேடில் பல மாடி கார் நிறுத்துமிடத்துக்கு மேலே இருக்கிறது, ஒருநாள் மதியம் போய் வாருங்கள். இரவுச் சாப்பாடு என்னோடு, பிடோக்கில். சனி ஞாயிறு வேண்டாம், அங்கிளுக்கு நின்று பேச நேரம் இருக்காது. செவ்வாய் இல்லாவிட்டால் புதன், மாலை 6 மணிக்கு. கூட்டம் சேர்வதற்குள் பெட்டியில் நல்லதாக நாலு நண்டு பொறுக்கிவிடலாம். உன் பையனுக்கு அழுத்திப் பார்க்க நான் சொல்லித் தருகிறேன். எந்த நாள் தோது என்று மட்டும் முன்னாடியே சொல், பன்னைப் புது எண்ணெயில் பொரிக்கச் சொல்லி அங்கிளிடம் பேசிவைக்கிறேன்.