காமா லைப்ரரி கோப்பு: கையால் தட்டுவதா, லைவ்சார்ட் தளத்தில் இருந்து எடுப்பதா?

ஆயா வீட்டு வளவில் பெயர்ந்து கிடந்த ஆத்தங்குடிக் கல் இரண்டில் இயற்கைக் கதிரியக்கம் எவ்வளவு என்று காமா கதிர் வழியாக அளக்க, அவற்றைப் பொடித்து, டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே உண்டாகும் ரேடான் வாயு சமநிலைக்கு வரட்டும் என்று ஒரு மாதம் வைத்திருந்தேன். நிறமாலையைப் பொருத்தும் மென்பொருளுக்கான லைப்ரரி கோப்பை, அதாவது எந்த ஐசோடோப்பு எந்த ஆற்றலில் எத்தனை சதவீதம் காமா விடும் என்ற பட்டியலை, அந்த ஒரு மாதத்தில் நிதானமாகத் தயாரித்திருக்கலாம். கடைசி இரண்டு நாளில்தான் உட்கார்ந்தேன்.

முதலில் கையால் தட்டினேன். கட்டுமானப் பொருளுக்கு அதுவே போதும் என்று தோன்றும். பொட்டாசியம்-40க்கு 1460.8 கேஇவி (காமாவின் ஆற்றல் அலகு), பிஸ்மத்-214க்கு 609.3, 1120.3, 1764.5, ஆக்டினியம்-228க்கு 911.2, தாலியம்-208க்கு 583.2, 2614.5. இப்படிப் பதினைந்து வரி இருந்தால் அதிகம். அரை மணி நேர வேலை.

ஆக்டினியமும் தாலியமும் ஒரே தோரியத் தொடரில் வருவதால் இரண்டும் ஒரே தோரிய அளவைக் காட்ட வேண்டும். அளந்து பார்த்தால் ஆக்டினியம் வழியாக வந்த தோரியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தாலியம் வழியாக வந்தது. எந்த ஆற்றலில் டிடெக்டர் எவ்வளவு காமாவைப் பிடிக்கிறது என்று காட்டும் எஃபிஷியன்சி வளைவைச் சந்தேகித்து இரண்டு நாள் போனது. தப்பு என்னுடையதுதான். பிஸ்மத்-212இல் 64 சதவீதம் பீட்டாவாகப் பொலோனியம்-212க்குப் போகிறது, மீதி 36 சதவீதம்தான் ஆல்ஃபாவாகத் தாலியத்துக்கு வருகிறது. 583 கேஇவி பீக்குக்கு (நிறமாலையின் முகட்டுக்கு) நான் போட்டிருந்த 85 சதவீதம் நூறு தாலியம் சிதைவுக்கான கணக்கு. தோரியத் தொடருக்கு அதை 0.3594ஆல் பெருக்கி, சுமார் 30.5 என்று போட வேண்டும்.

சரி, லைவ்சார்ட்டில் இருந்து இறக்கியிருந்தால் தப்பியிருப்பேனா? இல்லை. சர்வதேச அணுசக்தி முகமையின் அந்தத் தளமும் தாலியத்துக்கு 85தான் கொடுக்கும். இருந்தும் நான் இப்போது அந்தப் பக்கம்தான், காரணம் பராமரிப்பு. இறக்கிய சிஎஸ்வி கோப்பை நான் தொடுவதே இல்லை. பெருக்கல் பைத்தான் ஸ்கிரிப்ட்டில் தனி வரியாக நிற்கிறது. கையால் தட்டிய கோப்பில் 30.5 என்று இருந்தால், இரண்டு வருடம் கழித்துத் திறக்கிற தம்பிக்கு அது ஏற்கெனவே பெருக்கியதா, இனிமேல் பெருக்க வேண்டியதா என்று எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது. இன்னொரு தடவை பெருக்கிவிட்டால் இந்த முறை தாலியம் வழியாக வரும் தோரியம் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். தரவு புதுப்பிக்கப்பட்டாலும் கோப்பை மாற்றி ஸ்கிரிப்ட்டை ஓட்டினால் போதும், பழையதும் புதியதும் எங்கே வேறுபடுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்தத் தரவின் மூலமான ஈஎன்எஸ்டிஎஃப் என்ற அணுத் தரவுக் கோப்பையே நேராகப் படிக்கலாம்தான். 80 பத்தி துளை அட்டைக் காலத்து வடிவம் அது. '1460.820 5' என்றால் பிழை 5 இல்லை, 0.005. இன்டென்சிட்டியும், அதாவது காமாவின் செறிவும், ஒப்பீட்டு அளவு, இயல்பாக்கும் எண் வேறொரு வரியில் இருக்கும். அதைப் பெருக்கியே லைவ்சார்ட் தருகிறது, நாம் ஏன் சிரமப்பட வேண்டும்?

டிடிஇபி என்ற இன்னொரு தரவுத் தொகுப்பின் மதிப்புகளைச் சீசியம்-137, யூரோப்பியம்-152 அளவுதிருத்த மூலங்களுக்கு மட்டும் பயன்படுத்தியிருக்கிறேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. நியூட்ரானில் செயலூட்டிய மாதிரிகளையும் தொட்டதில்லை. அங்கே நூற்றுக்கணக்கான வரிகள் வரும்போது கையால் தட்டுவது பேச்சுக்கே இடமில்லை என்று ஊகிக்கிறேன், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் இன்னும் கையால் செய்கிறேன். ரேடியம்-226இன் 186.2 பீக் மேல் யுரேனியம்-235இன் 185.7 ஏறி உட்காரும். என் டிடெக்டரால் இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் ஸ்கிரிப்ட் ஓடி முடிந்ததும் அந்த வரியை நானே அழித்துவிட்டு, ரேடியத்தை அதன் தொடரில் வரும் பிஸ்மத்-214 வழியாகவே எடுத்துக்கொள்கிறேன்.