ஏணியும் சுருள்பாதையும்: எட்டு வார இணையவழிப் பாடம் ஒன்றின் மதிப்புரை

ஆன்மிக வளர்ச்சியை டிரான்ஸ்பெர்சனல் உளவியலும் (‘நான்’ என்னும் எல்லையைக் கடந்த அனுபவங்களை ஆராயும் உளவியல் பிரிவு) பௌத்தமும் எவ்வாறு விளக்குகின்றன என்பதை ஒப்பிட்டுக் கற்பிக்கும் எட்டு வார இணையவழிப் பாடம் ஒன்றை அண்மையில் முடித்தேன். வாரம் ஒரு வகுப்பு, ஒன்றரை மணி நேரம்; ஒலிப்பதிவும் வாசிப்புத் தாள்களும் தனியே வந்துவிடுகின்றன. கட்டணம் கூடுதல்தான் என்றாலும் முதல் நான்கு வாரங்களுக்கே அதைக் கொடுக்கலாம்.

அந்த நான்கு வாரங்களும் அந்த உளவியலின் இரு கோட்பாட்டாளர்களான கென் வில்பருக்கும் மைக்கேல் வாஷ்பர்னுக்கும் இடையிலான கருத்து மோதலைப் பற்றியவை. குழந்தையின் பிரிவற்ற (தான், உலகு என்ற வேறுபாடில்லாத) நிலையும் ஞானியின் பிரிவற்ற நிலையும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், முன்னது ‘நான்’ உருவாகும் முன் இருப்பது, பின்னது அதைக் கடந்தபின் வருவது, இரண்டையும் குழப்பிக்கொள்வதே பெரும் பிழை என்று வில்பர் 1980-இல் வாதிட்டார். தொடக்கத்தில் அவரும் அந்தக் குழப்பத்தில் இருந்தவர்தான் என்பதை ஆசிரியர் மறைக்காமல் சொன்னார். வாஷ்பர்னோ, ‘நான்’ வளரும்போதே தன் ஊற்றுக்கண்ணை, அதாவது தனக்கு ஆற்றல் தரும் ஆழ்மனத் தளத்தை, அடைத்துவிடுகிறது, ஆகவே பின்னாளில், பெரும்பாலும் நடுவயதில், கீழே இறங்கித்தான் அதைத் திறக்க வேண்டும் என்கிறார். வளர்ச்சியைப் படிப்படியான ஏற்றமாகக் காணும் வில்பரின் ஏணியில் இறக்கம் சறுக்கல். இறங்கிப் பின் ஏறும் வாஷ்பர்னின் சுருள்பாதையில் அதுவே வழி. இவ்வளவு தெளிவாக இதை வேறு எங்கும் நான் கேட்டதில்லை.

பௌத்தத்திற்கு வந்ததும் பாடம் தடுமாறுகிறது. ஐந்தாம் வாரத்தில் காட்டிய அட்டவணையில் இடப்பக்கம் வில்பரின் படிகள், வலப்பக்கம் சோதாபன்னர் (விடுதலைப் பாதையில் முதல் நிலையை அடைந்தவர்) முதல் அரகந்தர் (முழு விடுதலை பெற்றவர்) வரையிலான நான்கு பௌத்த நிலைகள், நடுவே அம்புக்குறிகள். பாலி நூல்களைப் பின்பற்றும் பௌத்த மரபான தேரவாதத்தில் அந்நிலைகள் எதைப் பெற்றோம் என்பதைவிட, மனத்தைப் பிணைக்கும் பத்துத் தளைகளில் எவை அறுந்தன என்பதைக் கொண்டே வரையறுக்கப்படுகின்றன. ‘இதுவே நான்’ என்னும் கொள்கை முதல் நிலையிலேயே அறுந்துவிடுகிறது. ‘நான்’ என்னும் செருக்கோ அரகந்த நிலை வரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொள்கை போய்ச் செருக்கு மட்டும் எஞ்சியவரை ஏணியின் எந்தப் படியில் நிறுத்துவது என்று கேட்டேன். மழுப்பலான பதிலே கிடைத்தது.

ஆறாம் வாரத்தில், புத்தகோசர் எழுதிய தேரவாதத் தியான நூலான விசுத்திமார்க்கம் பேசும் அச்ச ஞானத்தை (அழியும் எல்லாமே அஞ்சத்தக்கவை என்று தியானத்தில் காணும் அறிவு) வாஷ்பர்னின் இறக்கத்தோடு ஒன்றாக்கிவிட்டார்கள். அந்த ஞானம் தானே அஞ்சுகிறதா என்று அந்நூலில் ஒரு கேள்வியை எழுப்பி, இல்லை என்கிறார் புத்தகோசர். நகர வாயிலில் மூன்று தணற்குழிகளைக் காண்பவன், விழுந்தவர் துன்புறுவர் என்று அறிகிறானே தவிர, அவனுக்கு அச்சமில்லை என்பது அவர் தரும் உவமை. வாஷ்பர்ன் சொல்லும் மனிதர் குழிக்குள்ளேயே இறங்கிவிடுகிறார். அரைப் பக்கம்கூட வராத இந்தப் பகுதி வாசிப்புத் தாள்களில் இல்லை.

வில்பர், வாஷ்பர்ன் இருவருக்காகச் சேர்பவர்கள் தயங்க வேண்டாம். பௌத்தத்திற்காகச் சேர்பவர்கள் விசுத்திமார்க்கத்தின் 21-ஆம் அத்தியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அமர்வது நல்லது. ஐந்துக்கு மூன்று மதிப்பெண்.