தேதி இல்லாத காளான் விதை வாங்காதீர்கள்: 80 பெட் பச்சையாகிப் போனது

சேரன்மகாதேவிப் பக்கம் கொட்டகை போட்டு இரண்டு வருடமாகச் சிப்பிக்காளான் வளர்க்கிறேன். வழக்கமாக விதை தருபவரிடம் இருப்பு இல்லை, அதனால் பாக்கெட்டுக்குப் பத்து ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்று போனில் சொன்ன இன்னொருவரிடம் 44 பாக்கெட் வாங்கினேன். மத்தியான வெயிலில் சாக்கில் கட்டி பஸ்ஸில் வந்து இறங்கியது. ஒரு பாக்கெட்டிலும் தேதி கிடையாது. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், வைக்கோலை ஊறப் போட்டாகிவிட்டதே என்று எடுத்துக்கொண்டேன்.

காளான் விதை என்பது வேகவைத்த சோளத்தில் காளான் பூஞ்சையைப் படரவிட்டது. பார்வைக்கு நல்ல வெள்ளைதான். ஆனால் அடியில் சோளம் நசநசவென்று ஒட்டிக் கிடந்தது, வெள்ளையும் ஒரே சீராக இல்லாமல் சில இடத்தில் மட்டும் மாவு அப்பின மாதிரி திட்டுத்திட்டாக. பிரித்தால் லேசாகக் கொப்பரை வாசம். நல்ல விதையில் புதுக் காளான் வாசம்தான் வரவேண்டும். டிரைக்கோடெர்மா என்கிற பச்சைப் பூஞ்சையில் சில வகைக்குத் தேங்காய் வாசம் உண்டு, அது முதலில் வெள்ளையாகவே படர்ந்து வித்துத்தூள் கட்டும்போதுதான் பச்சையாகும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. வாடல் நோய்க்கு வாழையில் தொழுவுரத்தோடு கலந்து போடுகிறோமே டிரைக்கோடெர்மா விரிடி, அதுவும் இந்த இனம்தான். கொட்டகைக்குள்ளும் அதையே காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன்!

வேகவைத்த வைக்கோலையும் விதையையும் பையில் அடுக்கடுக்காகப் போட்டுக் கட்டுவதுதான் பெட், 40 பாக்கெட்டை அப்படி 80 பெட்டாகப் போட்டேன். மூன்றாம் நாளே விதையைச் சுற்றி வெள்ளை ஓடியிருந்ததைப் பார்த்துச் சந்தோஷம் வேறு. ஆறாம் நாள் விதை தூவின அடுக்கை ஒட்டியே வளையம் வளையமாகப் பச்சை.

போன் பண்ணினால், "ஒங்க வைக்கோல் சரியா வேகல அண்ணாச்சி, எங்க விதைய இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல" என்கிறார். வைக்கோல் வேகாவிட்டால் வைக்கோலின் நடுவில் அங்கங்கே பச்சை கிளம்பும். எல்லாப் பெட்டிலும் விதை அடுக்கிலேயே கிளம்பினால் கோளாறு எங்கே என்று கேட்டேன். பதில் இல்லை. பிரிக்காமல் வைத்திருந்த 4 பாக்கெட்டில் மூன்று அதே வாரம் தானாகவே பச்சையானது. அந்தப் போட்டோவை அனுப்பியதும் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்.

என் தப்பும் ஒன்று உண்டு. உள்ளே எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று ஒரு பெட்டைக் கொட்டகைக்குள்ளேயே அறுத்தேன், பச்சைத் தூள் புகை மாதிரி கிளம்பி அடுத்த முறை போட்டதிலும் பத்துப் பன்னிரண்டு பெட்டைக் கெடுத்தது. அறுக்காமல் கட்டோடு தூக்கித் தூரக் குழியில் புதைத்துவிடுங்கள்.

வரும் விதையில் இரண்டு பாக்கெட்டைப் பிரிக்காமல் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். அந்த ஆள் இப்போது வேறு நம்பரில் அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் விற்கிறாராம். யாராவது அப்படி விலை குறைத்துக் கூப்பிட்டால், முதலில் பாக்கெட்டின் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.